மாப்பிள்ளையின் லிங்க்குகளுக்கு வால் நறுக்கிய விவரம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் உங்கள் வீட்டில், உங்கள் நாற்காலிகளுக்கு நடுவே முழங்காலை இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகி, சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே அறுவை சிகிச்சை ஆன உங்கள் கண்ணும், வேளை தவறாமல் அதில் சொட்டு மருந்து விடுகிற என் மகளும், உங்களைப் பெற்றவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு நினைப்பு. கம்ப்யூட்டரையும் போனையும் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உங்களுக்குத் தடை போட்டிருப்பதால் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். என் மகள் வாசித்துக் காட்டுவாள். (அம்மாடி, நிறுத்தி நிதானமாக வாசி. உன் வீட்டுக்காரர் குலுங்கிச் சிரிக்கவும் கூடாது, கண்ணீர் விடவும் கூடாது. கோபப்படலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அடுத்த பத்திக்குப் போ.)

நாற்காலிகளின் நல்லது கெட்டதை எழுதும் உங்கள் இணையதளத்தைப் பற்றி நீங்கள் போனில் "சைட் எப்படி மாமா இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் நான் "பிரமாதமா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். அது முழுப் பொய் இல்லை. பார்ப்பதற்குச் சைட் பிரமாதமாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

முதலிலிருந்தே வருகிறேன். அப்போதுதான் என் மேல் உள்ள தப்பு எது, இல்லாத தப்பு எது என்று உங்களுக்குப் பிரியும். நீங்கள் ஓய்வுக்காக உங்கள் பெற்றோர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று கட்டுப் போட்ட கண்ணோடு வாசலில் நின்று என்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னீர்கள். "மாமா, நாற்காலிக் கடைக்காரங்க அவங்க பக்கத்தையெல்லாம் மாத்திட்டாங்க. நம்ம சைட்ல இருக்கிற லிங்க் பாதி செத்துப்போச்சு. அழுத்தினா வெறும் பக்கம்தான் வருது. இப்படியே விட்டா, யாராவது முதுகுவலிக்கு நல்ல நாற்காலின்னு தேடுறப்ப நம்ம சைட் பின்னாடி போயிடும். புது லிங்க் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிருக்கேன். செத்ததை எடுத்துட்டு இதைப் போடுங்க, போதும். உங்க கண்ணுக்கு எந்தத் தப்பும் தப்பாது மாமா" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலையில் இருந்த காலம் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். மருந்துச் சீட்டில் கூடச் சிவப்புப் பேனாவால் ஒற்றுப் போட்டு டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தவன். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் என் கால் தரையில் பாவுமா?

சொன்ன வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு லிங்க்காக அழுத்தி, செத்ததை எடுத்து, உயிருள்ளதை வைத்தேன். அதோடு எழுந்து காபி குடிக்கப் போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. உங்கள் அத்தையும் அதைத்தான் சொன்னாள். "ஏங்க, முடிஞ்சிடுச்சுல்ல? எந்திரிங்க. அவர் சொன்னதை மட்டும் செய்ங்க" என்றாள். "சொன்னதை மட்டும் செய்யறதுக்கு நான் எதுக்குடி?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் நல்ல பதில் இருக்கிறது, ஆனால் அன்று இல்லை.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வரி. உங்கள் சைட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தலைப்புக்குக் கீழே அது உட்கார்ந்திருந்தது. "இங்குள்ள லிங்க் வழியாக நீங்கள் ஏதாவது வாங்கினால் எங்களுக்குச் சிறு கமிஷன் கிடைக்கும். அதனால் உங்களுக்குக் கூடுதல் செலவில்லை." ஒரே வரி ஒரு புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் எங்கள் அச்சகத்தில் என்ன சொல்வார்கள் தெரியுமா? எழுத்துக் கோர்க்கிற கம்போசிட்டர் தூங்கிவிட்டான் என்பார்கள். எனவே எடுத்தேன். இதுதான் காரணம் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. (அம்மாடி, இந்த இடத்தை விழுங்காமல் வாசி.) எனக்கு அந்தக் கமிஷன் என்ற சொல் பிடிக்கவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். நீங்கள் வேலையை விட்டுவிட்டு இந்தச் சைட்டைத் தொடங்கியபோது அவர் என்னிடம், "என்ன மச்சான், உங்க மாப்பிள்ளை நாற்காலிக்குப் புரோக்கராயிட்டாராமே?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "அதெல்லாம் இல்லை, பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில மேனேஜர்" என்று சொல்லிவைத்தேன். அவர் என்றைக்காவது சைட்டைத் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் அல்லவா? அதனால்தான் ஒரு பக்கம் விடாமல் அந்த வரியை வழித்தெடுத்தேன்.

அதன் பிறகு லிங்க்குகளின் உட்புறத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கடையின் முகவரி அழகாகத் தொடங்கி, நாற்காலியின் பெயர் வரைக்கும் ஒழுங்காக வந்து, அதற்கப்புறம் ஒரு கேள்விக்குறி. அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வால். அதற்கு அர்த்தமும் இல்லை, முடிவும் இல்லை. ஏதோ பூனை விசைப்பலகை மேல் நடந்து போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒன்றுக்கு மட்டும் வாலை வெட்டிவிட்டு அழுத்திப் பார்த்தேன். கடை திறந்தது, அதே நாற்காலி வந்தது. வால் இல்லாமலே வேலை நடக்கிறது என்றால் வால் எதற்கு? எல்லாவற்றையும் நறுக்கினேன். நீங்கள் எடுத்து வைத்திருந்த புது லிங்க்குகளுக்கும், பின்னால் உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று, அங்கேயே போய் நறுக்கினேன். லிங்க்குக்குள் இன்னொரு இடத்தில் ஸ்பான்சர்டு என்று ஒரு சொல் ஒளிந்துகொண்டிருந்தது. வாசகர் கண்ணுக்கே தெரியாத சொல்லை யாருக்காக அச்சிட வேண்டும்? அதையும் எடுத்தேன். வேலை முடிந்தபோது உங்கள் சைட், குளிப்பாட்டித் தலை வாரிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். "வித்தியாசம் தெரியாம இருக்கிறதுதான் நல்ல திருத்தம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் முதுகுவலிக்கு நல்ல நாற்காலி என்று தேடினால் முதல் பக்கத்திலேயே நீங்கள் இருப்பீர்கள். நான்கூட உங்களுக்குத் தெரியாமல் அவ்வப்போது தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒருநாள் தேடினேன், முதல் பக்கத்தில் உங்களைக் காணோம். அடுத்த பக்கத்திலும் இல்லை. புரட்டிக்கொண்டே போனேன். நாற்காலி போய் மேசை வந்தது, மேசை போய் மரக்கடை வந்தது, அதுவும் போய் யாரோ ஒருவர் முதுகில் பச்சை குத்திக்கொள்கிற படம் வந்தது, நீங்கள் வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, கீழே காவலாளியின் போனில் தேடினேன். பிறகு இஸ்திரி போடுபவர் போனில் தேடினேன். பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "அம்மா, எனக்குப் பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு தடவை நாற்காலி என்று தேடிக் காட்டு" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "வீட்டுல யாராவது இருக்காங்களா தாத்தா?" என்று விசாரித்தது. எந்தப் போனிலும் நீங்கள் இல்லை.

அப்போதுதான் சைட்டுக்கு மின்னஞ்சலில் வந்திருந்த தபால்களைத் திறந்தேன். விளம்பரம் என்று நினைத்து நான் ஒதுக்கிவைத்திருந்ததில் இரண்டு விளம்பரம் இல்லை. ஒன்று நாற்காலிக் கடையிலிருந்து வந்தது. சில நாட்களாக உங்கள் சைட்டிலிருந்து யாரும் எங்கள் கடைக்கு வரவில்லை, லிங்க்கின் கடைசியில் உங்கள் குறியீடு இருக்கிறதா என்று சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் இருந்த குறியீடு! அந்த வால்! யார் அனுப்பிய வாடிக்கையாளர் என்று கடைக்குச் சொல்வதே அந்த வால்தானாம். ஆட்கள் உங்கள் பக்கத்தைப் படித்து, உங்கள் லிங்க்கை அழுத்தி, கடைக்குப் போய் நாற்காலியும் வாங்கியிருக்கிறார்கள். நான் அவர்களை யார் அனுப்பினார்கள் என்றே தெரியாதபடி காதும் காதும் வைத்த மாதிரி அனுப்பிவைத்திருக்கிறேன். இன்னொன்று தேடுபொறிக் கம்பெனியின் எச்சரிக்கை. கமிஷன் வருகிற லிங்க் என்றால் அது கமிஷன் லிங்க் என்று அதற்குள்ளேயே ஒரு சொல் வைத்துத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். அதைத் திடீரென்று எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறீர்கள், எனவே உங்களைப் பின்னால் தள்ளியிருக்கிறோம் என்று இருந்தது. நான் நாகரிகமாக இருக்கட்டும் என்று செய்ததை அவர்கள் திருட்டுத்தனம் என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் புரிந்துகொண்டதுதான் சரி.

ஆனால் மாப்பிள்ளை, என்னை உட்கார வைத்தது இந்த இரண்டும் இல்லை. ஒரு பக்கத்தின் அடியில் ஒரு தையல்காரப் பெண்மணி எழுதியிருந்த குறிப்பு. அதை அப்படியே தருகிறேன். "நான் நாள் பூரா மெஷின்ல குனிஞ்சு உக்கார்றவ. எல்லா சைட்டும் எல்லா நாற்காலியையும் ஆகா ஓகோங்கும். நீங்கதான் எங்களுக்கு இதுல கமிஷன் வரும், இருந்தாலும் இந்த நாற்காலியை வாங்காதீங்கன்னு எழுதியிருந்தீங்க. அதைப் பார்த்துதான் நம்பி, நீங்க நல்லதுன்னு சொன்னதை வாங்கினேன். இப்ப ராத்திரி முதுகு குத்தாம தூங்கறேன். என் அக்காவுக்கும் ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன். மேலே அந்தக் கமிஷன் வரியைக் காணோமே? சைட்டை வேற யாருக்காவது வித்துட்டீங்களா?"

நான் எதை மானக்கேடு என்று நினைத்து வழித்தெடுத்தேனோ, அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்மணி உங்களை நம்பியிருக்கிறார். அன்றைக்குத்தான் உங்கள் பக்கங்களைப் பிழை தேடாமல் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் கமாவைத்தான் படித்தேனே தவிர உங்களைப் படிக்கவில்லை. நீங்கள் நன்று என்று எழுதியிருந்த ஒரு கறுப்பு நாற்காலியின் பக்கத்தில் இப்படி இருந்தது. "இதில் என் மாமனார் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்தித்தாளில் பிழை பார்த்தார். எழுந்தபோது முனகவில்லை. அவர் முனகாமல் எழுந்து எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வேறு சோதனை தேவையில்லை." நான் வரும்போதெல்லாம் வேறு வேறு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுல உக்காருங்க மாமா" என்று உபசரிப்பீர்களே, மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துபோவேன். பரிசோதனை எலியாக இருந்திருக்கிறேன். ஆனால் என் முனகலைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர் நீங்கள்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதை உங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அவள், "அவர் உங்க முதுகைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கார். நீங்க அவர் முதுகுல குத்தியிருக்கீங்க" என்றாள். (அம்மாடி, அவர் கண்ணைத் துடைக்கிறாரா? அந்தத் துணியால் துடைக்காதே, டாக்டர் கொடுத்த பஞ்சை எடு.)

வேலைக்கு உட்கார்ந்தேன். அந்தக் கமிஷன் வரியை ஒவ்வொரு பக்கத்திலும், தலைப்புக்குக் கீழே, என் கையாலேயே திரும்ப அடித்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஒளிந்திருந்த சொல்லையும் எல்லா லிங்க்கிலும் பழைய இடத்தில் குடியேற்றினேன். தேடுபொறிக்காரர்களுக்கு மறுபரிசீலனை வேண்டுவோர் எழுத ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் உயர்திரு தேடுபொறி நிர்வாகத்தார் சமூகத்துக்கு என்று தொடங்கி, தளத்தின் உரிமையாளர் கண் சிகிச்சையில் இருக்கிறார் என்றும், அவர் ஒளித்து மறைக்கத் தெரியாதவர் என்றும், தவறு முழுவதும் அவருடைய மாமனாராகிய அடியேனுடையது என்றும், அடியேன் இனிமேல் கேட்காமல் எதையும் திருத்தமாட்டேன் என்றும் விரிவாக விண்ணப்பித்தேன். கீழே என் பெயரும், என்ன பதவியிலிருந்து ஓய்வு பெற்றேன் என்பதும் எழுதினேன். படித்தது மனிதரா இயந்திரமா தெரியாது. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, தடை நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. நேற்று காவலாளி போனில் தேடினேன். முதல் பக்கத்தில், அடி வரிசையில்தான் என்றாலும், நீங்கள் இருந்தீர்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மிச்சம் இருந்தது வால். நறுக்கியதை நான் எங்கும் எடுத்துவைக்கவில்லை. கடையில் உங்கள் கணக்கைத் திறந்து பார்க்கலாம் என்றால் அதற்கு ரகசியச் சொல் வேண்டும், உங்களைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே கடையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் மிகவும் பொறுமையாக, "குறியீடு தொலைஞ்சிடுச்சுன்னா கவலைப்படாதீங்க சார், புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றாள். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி செய்து தருவதில்லையா, அப்படித்தான். சில விவரங்கள் கேட்டாள், கொடுத்தேன். புது வால் கிடைத்தது, ஒரு லிங்க் விடாமல் ஒட்டிவிட்டேன். இந்தத் தடவை ஒட்டிய பிறகு சரிபார்த்தேன், சரிபார்த்த பிறகு உங்கள் அத்தையை விட்டுச் சரிபார்க்கச் சொன்னேன்.

கடைசியாக, போன வாரமே, என் தங்கை வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "என் மாப்பிள்ளை மேனேஜரும் இல்லை, கம்பெனியும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து நல்லது கெட்டது எழுதுகிறார். நல்லதென்று ஆட்கள் வாங்கினால் கமிஷன் வாங்குகிறார். அதை எல்லாப் பக்கத்திலும் வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர், "அதைத்தானே மச்சான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். பிறகு, "எங்கே, அந்தச் சைட் பேரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். இவ்வளவு நாள் அதைச் சொல்லாமல் இருந்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆக, நடந்தது நடந்துவிட்டது. இப்போது எல்லாம் பழையபடி இருக்கிறது. உங்கள் சைட் நீங்கள் விட்டுச்சென்ற அதே நிலையில், ஒரு புள்ளிகூட மாறாமல், உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஓய்வெடுக்கலாம். உங்கள் கண் பளிச்சென்று குணமாகி, உங்கள் கையால் எழுதிய பக்கங்களை நீங்களே பார்க்கும் நாள் சீக்கிரம் வரட்டும். நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், நேர்முதுகோடு நீடூழி வாழ வேண்டும். உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் அத்தை சொட்டு மருந்தை மறக்க வேண்டாம் என்று அடுக்களையிலிருந்து சொல்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் முதுகுக்கு என்றும் கடன்பட்ட,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கடையிலிருந்து ஒரு தபால் வந்தது. (அம்மாடி, இதை நீ மட்டும் முதலில் மனசுக்குள் வாசித்துவிடு. மருந்து போட்டு, அவரைப் படுக்க வைத்துவிட்டு, பிறகு சத்தமாக வாசி.) அதில் உங்கள் பெயர் இல்லை, என் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் பெயர் என்ன என்று கேட்டாள், நான் என் பெயரைச் சொன்னேன். வங்கிக் கணக்கு கேட்டாள், எனக்குத் தெரிந்தது என்னுடையதுதான், அதைச் சொன்னேன். கொடுத்தது மாற்றுச் சாவி இல்லையாம், புது வீட்டுச் சாவியாம். உங்கள் சைட்டில் இருக்கிற அத்தனை லிங்க்கிலும் இப்போது தொங்குவது என் வால், இனி கமிஷன் விழுவதும் என் கணக்கில்தான். எங்கள் கமிஷன் குடும்பத்தில் இணைந்ததற்கு வாழ்த்துகள், உங்கள் முதல் விற்பனை பதிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கியவர் என் தங்கை வீட்டுக்காரர். அதிலும் அவர் வாங்கியது நீங்கள் வாங்கவே வாங்காதீர்கள் என்று எழுதிய நாற்காலி. பக்கத்தைப் படிக்காமல் லிங்க்கை மட்டும் அழுத்தியிருக்கிறார். முதுகைப் பிடித்துக்கொண்டே எனக்குப் போன் செய்தார்; கமிஷன் என் பெயருக்கு வந்ததை நான் உளறியதும், "அப்போ நீங்களும் புரோக்கர்தானா மச்சான்?" என்று கேட்டார். "ஆமா, என் மாப்பிள்ளைகிட்ட வேலை கத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். நீங்கள் வந்து பார்க்கும் வரைக்கும் அந்த வாலில் நான் கை வைக்கமாட்டேன்.